கணக்குக்கு மொழி வேண்டாமாம்!

காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களுக்கு மதுரையில் நடந்த ஒரு பயிற்சியின் வீடியோவைச் சிலர் பார்த்திருப்பீர்கள். "காது கேக்காத பிள்ளைகளுக்குக் கணக்குதான் ஈசி, நம்பருக்கு மொழியே தேவையில்ல" என்கிறார் ஒருவர். அரங்கமே கைதட்டுகிறது. வீடியோவில் சைகை மொழிபெயர்ப்பும் இல்லை, எழுத்தும் ஓடவில்லை. யாருக்காகப் பேசினாரோ அவர்களுக்குப் புரியக் கூடாது என்ற நல்லெண்ணம் போல.

கைதட்டியவர்கள் நாளைக்கே வகுப்பில் இதைக் கொடுத்துப் பாருங்கள். "கண்ணனிடம் 24 மாம்பழங்கள் உள்ளன. இது முருகனிடம் உள்ளதைவிட 6 அதிகம். முருகனிடம் எத்தனை?"

30 என்று வரும். 24, 6, 'அதிகம்' மூன்றும் கண்ணில் படுகின்றன, கூட்டிவிடுகிறார்கள். விடை 18. கழிக்கத் தெரியாமல் இல்லை. யாரிடம் அதிகம் என்று அந்த வாக்கியம் அவர்களுக்குச் சொல்லவில்லை. கோளாறு கணக்கில் இல்லை சார், மொழியில்.

"கேக்கிற பிள்ளைகளும்தானே 30 போடுது?" போடும். டீச்சர் "கண்ணன்கிட்டதான்டா ஜாஸ்தி" என்று அழுத்திச் சொன்னதும் திருத்திக்கொள்ளும். அந்த அழுத்தம் எட்டாத பிள்ளைக்கு என்ன செய்தோம்? பயிற்சித்தாள் கொடுத்தோம். அதே வாக்கியம், பழம் மட்டும் வேறு.

செய்ய வேண்டியது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. போர்டில் கண்ணனுக்கு ஒன்று, முருகனுக்கு ஒன்று என இரண்டு பட்டை, ஒன்றன் கீழ் ஒன்று, இடது ஓரம் ஒரே கோட்டில். எண் எழுதும் முன் எது நீளம் என்று பிள்ளையே காட்டட்டும். பிறகு நீளப் பட்டைக்கு 24, நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுக்கு 6. சைகையில் கண்ணனை வலப்பக்கம் வைத்தால் கணக்கு முடியும்வரை வலப்பக்கமேதான். நடுவில் மாற்றினால் போச்சு. கடைசியில்தான் வாக்கியத்துக்குத் திரும்பி 'இது'விலிருந்து 24-க்கு ஓர் அம்புக்குறி. போர்டைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், பிள்ளை படித்து முடிக்கும்வரை நில்லுங்கள், அப்புறம் சைகை. போர்டையும் கையையும் ஒரே நேரத்தில் யாராலும் பார்க்க முடியாது.

பின்னம் இன்னும் மோசம். 'மூன்றில் இரண்டு' என்று தமிழில் கீழ் எண்தான் முதலில் வரும். அதே வரிசையில் விரலைக் காட்டினால் பிள்ளை 3/2 என்றுதான் எழுதும். காட்டியதை எழுதியதற்கு சிவப்பு மையில் சுழி! '12-ஐ 4-ஆல் வகு' என்றால் 3. '12-ஆல் 4-ஐ வகு' என்றால் 1/3. இதை உதட்டைப் பார்த்துப் பிடிப்பது நடக்கிற காரியமா? இருபதும் அறுபதுமே உதட்டில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அதான் காது மிஷின் இருக்குல்ல?" இருக்கிறது. டீச்சர் நிற்கும் தூரம் இரட்டித்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். தலைக்கு மேல் ஓடும் ஃபேன் குறையாது. மிஷின் அதையும் சேர்த்துத்தான் பெருக்கித் தரும். காது வளர்ந்து மோல்டு, அதான் காதுக்குள் பொருத்தும் அச்சு, லூசானால் மிஷின் விசிலடிக்கும், பிள்ளை சத்தமில்லாமல் ஆஃப் பண்ணிவிடும். "பொதுத்தேர்வில் 1 மணி நேரம் கூடுதலாத் தர்றாங்களே?" புரியாத வாக்கியத்தை இன்னும் 1 மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஆமாம். "சைகை பழக்கினா பேச்சு வராது" கோஷ்டிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் அம்மாவோடு நிற்கும் ஒரு பையனைத் தெரியும். கிலோ 800 என்று எழுதிக் காட்டினால் முக்கால் கிலோவுக்கு 600 என்று உடனே விரலில் காட்டுவான். நோட்டில் "1 கிலோ மல்லி ரூ.800 எனில் 750 கிராமின் விலை யாது?" என்று வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். 'எனில்', 'யாது' என்றெல்லாம் அந்தச் சந்தையில் எவர் பேசுகிறார்?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு, சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்தச் சொல்கிறது. இங்கே? மேலூர், உசிலம்பட்டி பக்கம் தொகுப்பூதியத்தில் பஸ் மாறி மாறி பள்ளி பள்ளியாக அலைகிற சிறப்பாசிரியர்கள். போன இடத்தில் உட்கார நாற்காலி கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அவர்களை முன்னால் உட்காரவைத்துக்கொண்டுதான் மொழியே தேவையில்லை என்றிருக்கிறார் அந்த வீடியோவில் பேசியவர். மொழி தேவையில்லை என்றால் மொழி தெரிந்த ஆளும் தேவையில்லை என்று நாளைக்கு யாராவது ஃபைலில் குறிப்பு எழுதுவார். அதற்கும் கைதட்டுவீர்களா?