அடுத்த ஆண்டு மின்காரில் டெல்டாவுக்கு என்ன வேண்டும்?

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிற தை, மாசி மாதங்களில்தான் எங்கள் பகுதியில் கார் வாங்கும் பேச்சு சூடுபிடிக்கும். கார் கம்பெனிகளும் அதே சமயத்தில்தான் பழைய ஆண்டுத் தயாரிப்பைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டு, புதிய ஆண்டு மாடலில் என்னென்ன வரப்போகிறது என்ற செய்திகளை ஒவ்வொன்றாக வெளியே விடுகின்றன. இதனால் மின்கார் வாங்க நினைக்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இப்போதே வாங்கிவிடலாமா, அடுத்த மாடல் வரட்டும் என்று பொறுக்கலாமா? பொறுப்பதில் தவறில்லை. ஆனால் எதற்காகப் பொறுக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய பேட்டரிக்காகவோ பெரிய திரைக்காகவோ டெல்டாக்காரர் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர்க் கரண்ட்டோடு ஒத்துப்போகிற சார்ஜிங்கும், புயல் நாளில் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் வசதியும் விலை குறைந்த வேரியன்ட்டிலேயே வர வேண்டும். காத்திருந்தாலும் கேட்டு வாங்கினாலும் அவற்றுக்காகத்தான் இருக்க வேண்டும்.

பேட்டரி யாரும் கேட்காமலேயே வளர்கிறது. டாடா நெக்ஸான் மின்கார் 2020 ஜனவரியில் 30.2 கிலோவாட் மணி பேட்டரியோடு வந்தது. மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 30 யூனிட். 2022 மே மாதத்தில் அது 40.5 ஆனது, 2024 செப்டம்பரில் 45 ஆனது. எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் 38 கிலோவாட் மணியோடு விற்பனைக்கு வந்து, எட்டே மாதத்தில் 52.9 கிலோவாட் மணி கொண்ட புரோ வகையையும் பெற்றுவிட்டது. முதலில் வாங்கியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் போட்டி இந்த வேகத்தில் இருக்கும்போது பேட்டரி அளவுக்காகக் காத்திருக்கிறவர் காலம் முழுவதும் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும்.

அதோடு, நம் அன்றாடப் போக்குவரத்து எவ்வளவு தூரம்? தஞ்சாவூரிலிருந்து கும்பகோணமோ மன்னார்குடியோ போய்வந்தால் நூறு கிலோமீட்டர்கூட ஆகாது. திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போய்வருவது அதைவிடக் குறைவு. சென்னைப் பயணம் ஒன்றுதான் முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டுகிறது, அதற்கும் வழியில் ஒருமுறை ஃபாஸ்ட் சார்ஜரில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். விளம்பரத்தில் வருகிற கிலோமீட்டர் கணக்கு சோதனைக்கூடக் கணக்கு. ஏசி போட்டு, ஆள் ஏற்றி, வெயிலில் ஓட்டினால் அதில் முக்கால் பங்கு கிடைத்தாலே திருப்தி கொள்ள வேண்டும். அந்த முக்கால் பங்கே நமக்குத் தாராளம்.

நமக்கு உண்மையான தொல்லை சார்ஜ் போடுகிற இடத்தில் இருக்கிறது. கிராமத்தில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, கடைசிக் கம்பத்தில் இணைப்புள்ள வீடுகளில் மாலை ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும். ஓரளவுக்குக் கீழே போனதும் சார்ஜர் தானாக நின்றுவிடும். நள்ளிரவில் வோல்டேஜ் சரியான பிறகு சில கார்கள் தாமாகவே மறுபடி ஏற்றத் தொடங்கும். சில அப்படியே நின்றிருக்கும், விடியற்காலையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எர்த் இன்னும் பெரிய பிரச்சினை. காரோடு தருகிற சார்ஜர் முதலில் எர்த்தைத்தான் சோதிக்கும், அது சரியில்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு ஒரு யூனிட்கூட ஏற்றாது. எங்கள் வீட்டுக் கொல்லையில் எர்த் குழி இருக்கிற இடத்தில் சித்திரை மாதத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துவிடும். உப்பும் கரியும் போட்டு மூடிய அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டால்தான் சிவப்பு விளக்கு பச்சையாக மாறும். எர்த் சோதனை உயிரைக் காக்கிற ஏற்பாடு, அதைத் தளர்த்தச் சொல்லவே மாட்டேன். ஆனால் எர்த் குறையா, வோல்டேஜ் குறையா என்று கார் திரையில் தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் முழுதாக நிற்காமல், ஆம்பியரைக் குறைத்துக்கொண்டு மெதுவாகவாவது ஏற்ற வேண்டும், சரியானதும் தானே பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை, ஆம்பியரைக் குறைத்துவைக்கும் வசதி பல கார்களில் ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லப்படும் 11 கிலோவாட் வீட்டுச் சார்ஜருக்கு மூன்று பேஸ் இணைப்பு வேண்டும். நம்மில் பலர் வீட்டில் இருப்பது ஒரே பேஸ்தான். (பம்ப்செட் இணைப்பில் மூன்று பேஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இலவச விவசாய மின்சாரத்தில் கார் சார்ஜ் செய்வது விதிமீறல், அந்த எண்ணமே வேண்டாம்.)

அடுத்தது, காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் வசதி. கம்பெனிகள் இதை வி-டு-எல் என்கின்றன. நெக்ஸானில் இது 2023 செப்டம்பர் மாற்றத்தில்தான் சேர்ந்தது, விண்ட்சரில் புரோ வகையோடு வந்தது. பெரும்பாலும் விலை கூடிய வேரியன்ட்களுக்கே இது ஒதுக்கப்படுகிறது, பயன்பாடாகக் காட்டப்படுவதோ மலையோரத்தில் கூடாரம் போட்டுக் காபி போடும் படம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வசதியின் அருமை வேறு. ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு மூன்று யூனிட் போதும். 40 யூனிட் பேட்டரியில் பாதி இருந்தாலே கிட்டத்தட்ட ஆறு நாள் ஓடும். இன்சுலின் ஊசி வைத்திருக்கிற வீட்டில், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்த ஆறு நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று கிலோவாட் அளவுதான் கிடைக்கும் என்பதால் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை இதில் ஓட்ட முடியாது. குடிதண்ணீர் மோட்டாரையும் அதன் தொடக்க இழுவையைப் பார்த்துத்தான் போட வேண்டும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காரிலிருந்து வரும் ஒயரை வீட்டு வயரிங்கில் நேராகச் செருகக் கூடாது. அந்த மின்சாரம் லைனுக்குத் திரும்பிப் போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்கிற மின்வாரிய ஊழியரின் உயிர் போய்விடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சாதனங்களைத் தனியாக இணைப்பது ஒன்றே சரியான வழி.

இப்படிப்பட்ட வசதி விலை குறைந்த வேரியன்ட்டுக்கு வருமா என்று கேட்டால், கேட்கிற குரல் பலமாக இருந்தால் வரும் என்றே நம்புகிறேன். ஆறு ஏர்பேக் ஒரு காலத்தில் உச்ச வேரியன்ட்டின் பெருமையாக இருந்தது. 2023 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியாவில் தன் எல்லாக் கார்களிலும் அதைக் கட்டாயமாக்கியது. அதே கம்பெனியின் ஐயோனிக் 5 பின் கண்ணாடிக்கு வைப்பர் இல்லாமல் வெளிவந்து, வாங்கியவர்கள் பல நாடுகளில் விடாமல் குறை சொன்ன பிறகு, 2025 மாடலில் வைப்பரோடு வந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அணைக்கரைப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தச் சின்ன வைப்பரின் மதிப்பு தெரியும்.

வெயில் விஷயத்தில் இன்னும் அழுத்தமான முன்னுதாரணம் இருக்கிறது. நிஸ்ஸான் லீஃப் 2010 இறுதியில் விற்பனைக்கு வந்தபோது அதன் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகர வெயிலில் ஓடிய கார்களின் பேட்டரி வேகமாகத் திறன் இழப்பதை 2012-இல் அங்குள்ள உரிமையாளர்கள் கண்டுபிடித்து, ஒன்றுசேர்ந்து கேட்டார்கள். அதன் பிறகே பேட்டரி திறனுக்குத் தனி உத்தரவாதம் வந்தது, 2015 மாடலில் வெப்பம் தாங்கும் பேட்டரி வந்தது. முழுமையான திரவக் குளிரூட்டலுக்கு அந்தக் கார் 2026 மாடல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருச்சி, தஞ்சை வெயிலும் லேசுப்பட்டதல்ல. மே மாதத்தில் நாற்பது டிகிரி நமக்குப் புதிதில்லை. இன்று இந்தியாவில் விற்கும் பல கார்களில் வெப்பத்தை ஓரளவு நன்றாகத் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இருப்பது நமக்கு நல்லது. வாங்கும்போது பேட்டரி எந்த வகை, திரவக் குளிரூட்டல் உண்டா, உத்தரவாதம் எத்தனை சதவீதத் திறனுக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

நம் சாலைக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், சில இடங்களில் வைக்கோலையும் பரப்பியிருப்பார்கள். மின்காரில் சூடான புகைக்குழாய் இல்லாததால் வைக்கோல் பற்றிக்கொள்ளும் பயம் குறைவு. ஆனால் பேட்டரி தரையோடு தாழ இருக்கிறது, நெல் குவியலைக் காக்க வைக்கிற கருங்கல் அடியில் இடித்தால் செலவு பெரிது. அடிப்பாகத்துக்கு உறுதியான கவசத்தகடு எல்லா வேரியன்ட்டிலும் வேண்டும். ஸ்டெப்னியும் வேண்டும், பல மின்கார்களில் அதை எடுத்துவிட்டு பஞ்சர் ஒட்டும் பெட்டி ஒன்றைக் கொடுக்கிறார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் இரவு பத்து மணிக்கு டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

திரை, பாட்டு, குரல் கட்டளை பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அவற்றில் பல மென்பொருள் புதுப்பிப்பாகப் பின்னாலும் வந்துவிடும். சார்ஜர், கவசத்தகடு, குளிரூட்டல் ஆகியவை தொழிற்சாலையை விட்டு வரும்போதே இருந்தால்தான் உண்டு.

ஒரு மாடல் ஆண்டின் மாற்றங்கள் அது ஷோரூமுக்கு வருவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகின்றன. ஆகவே இந்தத் தை மாதத்தில் ஷோரூமுக்குப் போகிறவர்கள், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இந்தக் கேள்விகளை விற்பனையாளரிடம் கேட்டு, கம்பெனியின் மின்னஞ்சலுக்கும் எழுதுங்கள். தினமும் எழுபது, எண்பது கிலோமீட்டர் டீசல் வண்டி ஓட்டுகிறவர், வீட்டில் எர்த்தும் வோல்டேஜும் சரியாக இருந்தால், இன்னும் ஓராண்டு காத்திருந்து டீசலுக்குக் கொடுக்க வேண்டாம். வி-டு-எல் உள்ள ஒரு வேரியன்ட்டை இப்போதே பார்க்கலாம். கடைசிக் கம்பத்து வீட்டுக்காரர் முதலில் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்து, மாலை வோல்டேஜை ஒரு வாரம் குறித்துக்கொண்டு, மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, பிறகு முன்பணம் கட்டட்டும்.