விலைக்கு வாங்கும் இணைப்புகள் குறித்து ஒரு திருத்தம்

“ஐந்நூறு இணைய அடைவுகளில் (தள முகவரிகளைத் தொகுத்துப் பட்டியலிடும் தளங்களில்) முகவரியைப் பதிந்து தரும் சேவையை வாங்கி, மெட்டா கீவேர்ட்ஸையும் (பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் தேடுசொற்களையும்) நிரப்பிவிட்டால் சிறு தளமும் கூகுளில் முதலிடம் பிடிக்கும்” என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அதை நம்பிச் சிறு வணிகர்கள் பணத்தை இழந்துவிடக் கூடாது என்ற கவலையில் இதை எழுதுகிறேன். இப்படித் தரவரிசையை உயர்த்துவதற்காக, பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகளை விலைக்கு வாங்குவதைக் கூகுளின் விதிகள் முறைகேடு என்றே வகைப்படுத்துகின்றன. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த ‘பென்குவின்’ என்ற மாற்றம் அத்தகைய இணைப்புகளை நம்பியிருந்த பல தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. மெட்டா கீவேர்ட்ஸைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே அந்நிறுவனம் அறிவித்துவிட்டது.

தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளவரைபடத்தை (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியலை)ச் சமர்ப்பிக்கவும், நேரில் வாடிக்கையாளர் வரும் கடையைக் கூகுள் மேப்ஸில் பதியவும் கட்டணம் கிடையாது. ஆனால் இவை தளம் இருப்பதைத் தெரிவிக்குமே தவிர முதலிடத்துக்கு உறுதி தரமாட்டா.

மயிலாப்பூர் மாட வீதியில் கொலு பொம்மை விற்பவர் ஒருவர், மண் பொம்மையின் வண்ணம் உதிராமல் ஆண்டு முழுவதும் எப்படிப் பாதுகாப்பது என்று தம் அனுபவத்திலிருந்து ஒரு பக்கம் தமிழில் எழுதி, நவராத்திரிக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டு, அதன் முகவரியைக் கடை ரசீதிலும் அச்சிட்டால், அதைத் தேடி வருபவர் உண்மையிலேயே பொம்மை வாங்க விரும்புபவராக இருப்பார். அந்த ஐந்நூறு அடைவுகளை அப்படி யாரும் திறந்து பார்ப்பதில்லை.