கடன் வாங்காதவனும் வட்டி கட்டுகிற கணக்கு

சோசலிசம் என்றாலே திருகோணமலையில் பலருக்கும் சங்கக்கடை வரிசையும் கூப்பனும்தான் நினைவுக்கு வரும். சந்தைச் சோசலிசம் அதுவல்ல. மீன் அங்கேயும் ஏலத்தில்தான் போகும், விலையைச் சந்தைதான் தீர்க்கும். படகு யாருடையது, மிச்சம் யாருக்கு என்பதுதான் மாறும். (போலந்துப் பொருளியலாளர் ஒஸ்கார் லாங்கே 1930களில் சொன்ன, திட்டக்குழு விலையைத் திருத்திக்கொண்டே இருக்கும் வடிவத்தை விட்டுவிடுகிறேன். யூகொஸ்லாவியா 1950இல் சட்டமாக்கிய தொழிலாளர் சுயநிர்வாகத்தின், அதாவது நிறுவனத்தை அதில் உழைப்பவர்களே நடத்துவதன், பக்கம் நின்று பேசுகிறேன்.)

ஒரு 18 அடி பைபர் படகை எடுப்போம். எண்கள் கணக்குக்காகப் போட்டவை; உங்கள் துறைக்கு ஏற்ப மாற்றிப் பாருங்கள். 50 கிலோ மீன், கிலோ 800 ரூபா, மொத்தம் 40,000. மண்ணெண்ணெய் 30 லீற்றர், ஐஸ், சாப்பாடு எல்லாம் 12,000. (2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்குப் பாய்ந்தபோது இந்த 30 லீற்றரின் செலவு மட்டும் 2,610இலிருந்து 10,200 ஆனது.) மிச்சம் 28,000. கூடவே தொழிலுக்கு வரும் படகுக்காரருக்குப் பாதி, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 7,000.

இப்போது படகுக்காரர் மீன் முதலாளியிடம் 6 இலட்சம் முற்பணம் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். வட்டி கிடையாது. ஆனால் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 30 ரூபா குறைத்து. ஒரு தடவைக்கு 1,500; மாதம் 20 தடவை போனால் 30,000. அதாவது மாதம் 5 வீத வட்டி, அசலில் ஒரு சதமும் குறையாது. இந்த 30,000இல் பாதி, கடனில் பெயரே இல்லாத அந்த இருவரின் பங்கிலிருந்து போகிறது, ஆளுக்கு 7,500. முதலாளித்துவத்தில் எனக்குள்ள பெரிய முறைப்பாடு இதுதான். இலாபம் எடுப்பது அல்ல; கடன் யாருடையது, வட்டி யாருடையது என்பதையே விலைக்குள் மறைத்துவிடுவது.

ஆனாலும் முதலாளியைத் திட்டுவது சுலபம். வாடைக்காற்றுக் காலத்தில், கடலுக்குப் போக முடியாத நாளில், காணி உறுதி கேட்காமல் காசு கொடுப்பவர் அவர்தான். அந்த வேலையை யார் செய்வார் என்று சொல்லாத கூட்டுறவுத் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

அதே படகு மூவருக்கும் சொந்தம் என்றால் 28,000 மூன்றாகப் பிரியும், ஆளுக்கு 9,300க்கு மேல். இங்கேதான் வழுக்கும். படகு, எஞ்சின், வலை எல்லாம் 12 இலட்சம், ஐந்து வருடத்தில் தேயும் என்றால், 1,200 தடவைக்குப் பிரித்தால் தடவைக்கு 1,000 ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் ஆளுக்கு 9,000. ஒதுக்காமல் பிரித்தெடுத்தால் மூன்றாம் வருடம் எஞ்சின் நின்றதும் மூவரும் சேர்ந்து அதே முதலாளியின் வாசலில் நிற்பார்கள். இது பேராசையால் மட்டும் வருவதல்ல. அடுத்த வருடம் தொழிலை விடப்போகும் 58 வயதுக்காரர் தான் ஏறாத படகுக்கு ஏன் ஒதுக்க வேண்டும்? அவர் கேள்வி நியாயமானது.

இன்னொரு சிக்கலை 1958இலேயே பொருளியலாளர் பெஞ்சமின் வோர்ட் காட்டினார். நான்காவது ஆள் ஏறினால் மிச்சம் 28,000இலிருந்து 34,000 ஆகும் என்று வையுங்கள். தனியார் படகுக்காரர் உடனே ஏற்றுவார். அவர் பாதி 14,000இலிருந்து 17,000 ஆகிறது. மற்றவர்களின் பங்கு 7,000இலிருந்து சுமார் 5,670க்கு இறங்குவது அவர் கவலையல்ல. கூட்டுப் படகிலோ ஒதுக்கீடு போக 33,000ஐ நாலாகப் பிரித்தால் 8,250தான். மூவரும் வேண்டாம் என்பார்கள். ஒரு முறை பங்கைக் குறைத்து ஆளைச் சேர்க்கும். மற்றது பங்கைக் காத்து ஆளைக் கரையில் விடும். யூகொஸ்லாவியாவில் சுயநிர்வாகம் இருந்தும் 1960களிலிருந்து இலட்சக்கணக்கானோர் ஜேர்மனிக்கு வேலை தேடிப் போனார்கள். இது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பெயினின் மொண்ட்ராகன் கூட்டுறவுகள் (தொடக்கம் 1956) இந்த இரண்டில் ஒதுக்கீட்டுச் சிக்கலைத் தீர்த்தன. இலாபத்தில் உறுப்பினருக்குரிய பங்கைக் கையில் கொடுக்காமல் ஒவ்வொருவர் பெயரிலும் கணக்கு வைத்து, விலகும்போது கொடுப்பார்கள். அப்போது 58 வயதுக்காரருக்கும் ஒதுக்குவதில் நட்டமில்லை. ஆனால் 2013இல் அங்கே ஃபாகோர் வீட்டு மின்சாதன நிறுவனம் விழுந்தபோது, அந்தக் கணக்கிலிருந்த சேமிப்பும் மூழ்கியது. உழைப்பும் சேமிப்பும் ஒரே படகில் இருப்பதன் விலை அது. சகோதரக் கூட்டுறவுகள் மேலும் காசு போட மறுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. யாராவது மீட்பார்கள் என்றால் யாரும் ஒதுக்கமாட்டார்கள்; தேர்தல் வந்தால் கடன் தள்ளுபடியாகும் என்று நம்பும் சங்கம் எஞ்சினுக்கு ஒதுக்காது. ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கொர்னாய் எழுதிய இளகிய பட்ஜெட் இதுதான்.

ஆகவே கோடிக்கணக்கில் போகும் பலநாள் கலத்தைத் தொழிலாளர் சேமிப்பை மட்டும் வைத்து வாங்கச் சொல்லமாட்டேன். அங்கே வெளி முதல் வரட்டும், நட்டத்தையும் அது சுமக்கட்டும். குச்சவெளியிலோ மூதூரிலோ மூவர் சேரும் சின்னப் படகுக்குக் கூட்டு உரிமைதான் மேல். எழுத்தில் மூன்று விதி வேண்டும். தடவைக்கு 1,000, இருவர் கையொப்பமில்லாமல் எடுக்க முடியாத கணக்குக்குப் போக வேண்டும். விலகுபவரின் பங்கு ஒரே தடவையில் அல்ல, தவணையில் கொடுபட வேண்டும். நான்காவது ஆள் வந்தால் நுழைவுப் பணம் ஒரு இலட்சத்தை முன்கூட்டிக் கேட்காமல் தடவைக்கு 500 வீதம் கழியுங்கள். 200 தடவையில், பத்து மாதத்தில், அவரும் படகுக்காரர்.