'ஜாக்கி' பந்தய விளம்பரம் அல்ல

குதிரைகளின் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் வரைந்த 'ஜாக்கி' (பந்தயக் குதிரையோட்டி) படத்தை, 'பாரிஸ் குதிரைப் பந்தயத்துக்காகத் தெருவில் ஒட்டிய பழைய போஸ்டர்' என்று பலரும் பகிர்கிறார்கள். அது தவறு.

இது 1899இல் வெளிவந்த கல்லச்சு ஓவியம், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்த படம். பியெர்ஃபோர் என்ற பதிப்பாளர் பந்தயக் காட்சிகளைத் தொடராக வெளியிட நினைத்தார். ஓவியரின் உடல்நிலை சரியில்லாததால் இது ஒன்றுதான் வந்தது. வாங்குபவர்கள் சேகரித்து வைக்க அச்சிட்டது, சுவரில் ஒட்ட அல்ல. படத்தையே பாருங்கள்: பந்தயத்தின் பெயர், தேதி, இடம் எதுவுமே இல்லை. இவையெல்லாம் இல்லாமல் விளம்பரம் எப்படி? 1891இல் பாரிஸின் மூலான் ரூஜ் என்ற கேளிக்கை அரங்குக்கு அவர் செய்த உண்மையான போஸ்டரில் அரங்கின் பெயர் பெரிய எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

லோத்ரெக் குதிரை வளர்க்கும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். குதிரை ஓவியர் ரெனே பிரான்ஸ்டோவிடம் பாடம் கற்றார். பதின்ம வயதில் இரண்டு தொடை எலும்புகளும் முறிந்து, கால்கள் வளராமல் நின்றுவிட்டன. குதிரையேற்றம் கைகூடாமல் போனாலும் குதிரையை வரைவதை அவர் விடவே இல்லை. 1899இல் மருத்துவமனையில் இருந்தபோதும் சர்க்கஸ் குதிரைகளை நினைவிலிருந்தே வரைந்தார். இவ்வளவு வரலாறு உள்ள படத்தை வெறும் விளம்பரத் தாள் என்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.