சுகர் பார்க்கும்போது மனசையும் கேளுங்கள்

அப்பாவுக்கு சர்க்கரை நோய் வந்து 14 வருடம். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் அவர் வயதுக்காரர்களில் சுகர் இல்லாதவரைத் தேடத்தான் வேண்டும். அதனால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம் காலில் புண் வந்து ஒரு விரலை எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது, அப்பா ஆறவில்லை.

விடிகாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிற மனுஷன் வாசலைத் தாண்டவில்லை. பேப்பர் மடித்தபடியே கிடந்தது. மூன்று மணிக்கே எழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பார். மாத்திரையும் போடுவதில்லை. "வேளைக்கு ஒரு மாத்திரை போட என்னப்பா கஷ்டம்?" என்று அதிகம் கத்தியது நான்தான். சோம்பல், பிடிவாதம், வயசாயிடுச்சு என்று என்னென்னவோ பேர் வைத்தோம். நினைத்தால் இன்றைக்கும் தாங்கவில்லை.

மாதாமாதம் காட்டிய இடத்தில் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தார்கள். சுகர் ஏறியிருக்கிறது, மாத்திரையைக் கூட்டு. மூன்று தடவை கூட்டினார்கள். சாப்பிடாத மாத்திரையைக் கூட்டி என்ன பயன்?

அப்புறம் வேறொரு டாக்டர், சின்ன வயதுப் பெண், கேட்டார்: "ஐயா, இந்த ரெண்டு வாரமா எதுலயாவது ஆர்வம் இருக்கா? மனசு சோர்ந்து, இனிமே என்ன இருக்குன்னு தோணுதா?" அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. நோய் வந்த கவலை மட்டும் இதற்குக் காரணமில்லை. மனம் நெருக்கடியில் இருக்கும்போது உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது, அது சர்க்கரையை ஏற்றுகிறது. சோர்ந்தவர் நடக்கமாட்டார், தூங்கமாட்டார், மருந்தை விட்டுவிடுவார். சுகர் இன்னும் ஏறும். உடம்பு மனசை இழுக்க, மனசு உடம்பை இழுக்கிறது. தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும் என்பதால் அதையும் சோதித்துவிட்டுத்தான் அந்த டாக்டர் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே கொடுத்த மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொல்லியனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் பேப்பர் எங்கே என்று அப்பாவே கேட்டார்.

அந்த இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுகர், பிரஷர் பார்க்கிற ஒவ்வொரு இடத்திலும், வீடு தேடி வந்து பார்க்கிறவர்களும், கட்டாயம் அதைக் கேட்க வேண்டும். மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்லி 2017லேயே சட்டம் வந்துவிட்டது. டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் முதலில் 14416க்குப் பேசலாம். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள்.

"பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்கிட்டயா அண்ணனைக் கூட்டிட்டுப் போற?" என்று சண்டை போட்ட அத்தைக்கும் பத்து வருடமாக சுகர். நேற்று போனில், தூக்கமே வரவில்லை, எதுவும் பிடிக்கவில்லை என்றார். புதன்கிழமை அவரையும் அழைத்துப் போகிறேன். அப்பாவும் கூட வருகிறாராம்.