47 வயதுக்கு எதற்குத் தொப்பி?

சான்றிதழில் என் பிறந்த நாள் ஜூன் 1. பள்ளியில் சேர்க்க வயது போதாததால் வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி. அந்தப் பொய்த் தேதிக்குத்தான் அலுவலகத்தில் வருடாவருடம் கேக் வெட்டுகிறார்கள்! தலைக்கு நூறு ரூபாய் வசூல். மண்டையில் நிற்காத ஒரு காகிதத் தொப்பி. முகத்தில் அப்பிய கிரீம் காதுக்குள் போய், அதை எடுக்கவே இரண்டு நாள் ஆனது. உண்ணும் பொருளை முகத்தில் பூசும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ!

அம்மாவுக்குக் கணக்கு ஆவணி உத்திரட்டாதிதான். கோவிலில் பெயர், நட்சத்திரம் சொல்லி ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், முடிந்தது. பெரியவர்களுக்கு ஆர்ப்பாட்டம் என்றால் 60க்குத் திருக்கடையூர், 80க்குச் சதாபிஷேகம். நடுவில் மனிதனை நிம்மதியாக விட்டுவைத்தார்கள்.

இப்போதோ வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒவ்வொரு பூங்கொத்துப் படத்துக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒருவரை விட்டால் மனத்தாங்கல். (போன வருடம் ஒருவரை விட்டுவிட்டேன். இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.)

நாளை மேலாளருக்கு 52. தலைக்கு இருநூறாம். வாயே திறக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.