கரைக்குரியவர்களைக் கேட்காமல் கண்டல் நடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பரவைக்கடற் கரையில் நடந்த கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) நடுகையின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுநாள் மாலை நான் அங்கே போனபோது, பொலித்தீன் பை கழற்றப்படாமலே சேற்றில் செருகப்பட்ட கன்றுகள் பாதி சாய்ந்து கிடந்தன. நட்ட இடமோ வற்று நேரத்திலும் தண்ணீர் வடியாத இடம். கண்டல் வேருக்கும் காற்று வேண்டும். இடைவிடாமல் நீருக்குள் கிடந்தால் கன்று பிழைக்காது. "தம்பி, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கண்டு வேர் பிடிக்கிற இடத்தைக் காட்டியிருப்பம்" என்றார் அவ்வூர்க் கடற்றொழிலாளர் சங்கத்து ஐயா ஒருவர். அந்த ஒரு வார்த்தையைத்தான் யாரும் கேட்கவில்லை.

எங்கள் அம்மப்பா வீச்சுவலைக்காரர். கண்டல் வேர்ப் பக்கம் வலை வீசவே மாட்டார். அங்கே நிற்பது இறால் குஞ்சு, அது வளர்ந்து வெளியே வரட்டும் என்பார். எந்தப் பயிற்சிப் பட்டறையும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நல்லது செய்ய வந்தவர்களையும் குறை சொல்வதா என்று சிலர் கேட்கக்கூடும். சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்கிறது. 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். பிழையான இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும், ஆடு மாடு மேய்ந்ததும் காரணங்கள். அங்கெல்லாம் நட்டவர்களும் நல்ல மனதோடுதான் நட்டார்கள்.

மீனவர்களே கண்டலை விறகுக்கு வெட்டினார்கள் என்பீர்கள். வெட்டியதும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்துக் காக்கைதீவுக் கரையில் குப்பை கொட்டியது அவர்களா? குற்றம் சொல்லும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரும் மீனவர், திட்டம் போடும்போது ஏன் மறந்துபோகிறார்? எங்கள் பிள்ளைகளைக் கன்று சுமக்க அழைத்தார்கள். எங்கே நடுவதென்று பேசிய கூட்டத்துக்கு எங்களில் ஒருவரையும் அழைக்கவில்லை. அவமதிப்பு என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

யூலை 26 உலகக் கண்டல் நாள். அன்றைக்கும் கன்றுகளோடு வருவார்கள். அதற்கு முன்னர் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் வையுங்கள். கரையில் நண்டு பொறுக்கும் பெண்கள், பிரதேச சபையினர், வனவளத் திணைக்களத்தார், பல்கலைக்கழகத்தார் எல்லோரும் ஒன்றாக இருந்து பேசட்டும். முதல் வேலையாக, எங்கள் கரைக்குத் தண்ணீர் போய்வரும் வழியில் மண் மூடிக் கிடக்கும் மதகைத் துப்புரவாக்குவோம். தண்ணீர் போய்வரத் தொடங்கினால் கண்டல் விதைகள் மிதந்து வந்து தாமே வேரூன்றும். அதன் பிறகும் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் நடலாம்.